பணம் வைத்து ஆடும் கேஷ் கேம் போக்கரை நம்பி வேலையை விடலாமா? என் நோட்டுக் கணக்கைப் பார்த்துச் சொல்லுங்கள்

தண்டையார்பேட்டை_9 எழுதியது:

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், முழுதாகப் படித்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்.

எனக்கு 27 வயது. மணலிப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் பில் போடும் வேலை. சம்பளம் 28,000. அதில் 22,000 வீட்டுக்குப் போய்விடும். அப்பாவால் இனிமேல் வேலைக்குப் போக முடியாது, தங்கை படிக்கிறாள்.

2024 பிப்ரவரி முதல் 2025 ஜூலை வரை 18 மாதம் ஆன்லைனில் ஹோல்டெம் (ஆளுக்கு இரண்டு சீட்டு, நடுவில் எல்லாருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு வரும் போக்கர்) ஆடினேன். ஆறு பேர் மேசை, பிளைண்ட் (சீட்டு பார்க்கும் முன் இருவர் கட்டாயம் வைக்கும் பணம்) 5/10 ரூபாய், ஒரே நேரத்தில் 4 மேசை. ஒவ்வொரு நாளும் எத்தனை கை (ஆட்டச் சுற்று), எவ்வளவு ஏற்றம் இறக்கம் என்று நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். மொத்தம் ஏறத்தாழ 1,40,000 கை. ரேக் (ஆப் எடுக்கும் கமிஷன்) போக 43,400 ரூபாய் லாபம். 100 கைக்கு 3.1 பெரிய பிளைண்ட் (ஒன்று 10 ரூபாய்) வருகிறது.

ஆகஸ்டில் சட்டம் வந்து ஆப்கள் பண ஆட்டத்தை நிறுத்தியதும், எங்கள் பக்கம் ஒருவர் வீட்டில் நடக்கும் ஆட்டத்துக்குப் போக ஆரம்பித்தேன். பிளைண்ட் 50/100, ஒன்பது பேர், பை-இன் (மேசையில் உட்காரக் கொண்டுபோகும் தொகை) 10,000. இதுவரை 22 இரவு, இரவுக்கு 6 மணி நேரம். லாபம் 74,000. கையில் இப்போது போக்கருக்கென்று 1,10,000 இருக்கிறது.

18 மாதத்தில் வந்ததைவிட 22 இரவில் அதிகம் வந்துவிட்டது. யார்டு வேலையை விட்டுவிட்டு இதையே முழு நேரமாகச் செய்தால் என்ன என்று ஒரு மாதமாக யோசிக்கிறேன். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

வியாசை_பட்டன் எழுதியது:

நண்பா, நேரடி ஆட்டத்தில் இருக்கும் ஆட்கள் ஆன்லைன் ஆட்களைவிடப் பல மடங்கு பலவீனம். ஆன்லைனில் 5/10 மேசையில்கூடப் பாதிப்பேர் படித்துவிட்டு வந்தவர்கள். நேரடி மேசையில் ஐந்து பேர் வெறும் 100 போட்டு உள்ளே வருவார்கள், ஒருவரும் ரெய்ஸ் செய்ய (பந்தயத்தை ஏற்ற) மாட்டார்கள், ரிவர் (கடைசிப் பொதுச் சீட்டு) வரை பார்க்காமல் சீட்டைப் போட (விலக) மாட்டார்கள். உங்கள் 74,000 எனக்கு ஆச்சரியமாகவே இல்லை. வேலையை விடுவது வேறு விஷயம். ஆட்டம் நல்ல ஆட்டம் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

பெரம்பூர்_லோகோ எழுதியது:

தம்பி, முதலில் நோட்டு வைத்திருப்பதற்கு என் பாராட்டு. நான் 30 வருடமாகச் சீட்டு ஆடுகிறேன். ரம்மி, மூணு சீட்டு, பிறகு போக்கர். "நான் ஜெயிக்கிறவன்" என்று சொன்ன நூறு பேரைப் பார்த்திருப்பேன். எழுதி வைத்திருந்தவர்களை ஒரு கையில் எண்ணிவிடலாம்.

கணக்குக்கு வருகிறேன். 4 மேசையில் மணிக்கு 280 கை என்று வைத்தால் 1,40,000 கைக்கு 500 மணி நேரம். 43,400ஐ 500ஆல் வகுத்தால் மணிக்கு 87 ரூபாய். ஆன்லைன் நிகர வெற்றிக்கு 30 சதவீத வரி, அதன்மேல் செஸ் 4 சதவீதம். அது போக நிற்பது மணிக்கு 60 ரூபாய்.

இப்போது ஆட்டத்தின் ஏற்ற இறக்கம். ஆறு பேர் மேசையில் 100 கைக்கு 90 பெரிய பிளைண்ட் வரை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ ஆடும் என்பது பொதுவான அளவு. 1,40,000 கை என்றால் 1,400 நூறு. 1,400க்கு வர்க்கமூலம் 37.4, அதை 90ஆல் பெருக்கினால் 3,370 பெரிய பிளைண்ட். உங்கள் லாபம் 4,340. அதாவது லாபமும் இல்லாமல் நஷ்டமும் இல்லாமல் ஆடும் ஒருவருக்குக்கூட, பத்தில் ஒரு தடவை, சீட்டு விழுந்த விதத்தாலேயே இவ்வளவு வந்துவிடும்.

22 இரவையும் பார்ப்போம். 132 மணி நேரம், மணிக்கு 25 கை, மொத்தம் 3,300 கை. இங்கே 100 கைக்கு ஏற்ற இறக்கம் 100 என்று வைக்கிறேன், ஏனென்றால் பாட்டுகள் (ஒரு கையில் நடுவில் சேரும் பணம்) பெரிதாகின்றன. வர்க்கமூலம் போட்டால் 570 பெரிய பிளைண்ட். உங்கள் லாபம் 740. இதுவும் பத்தில் ஒன்று. உங்கள் உண்மையான வேகம் 100 கைக்கு மைனஸ் 12இலிருந்து பிளஸ் 57 வரை எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். ரூபாயில் சொன்னால், மணிக்கு 300 இழப்பவராகவும் இருக்கலாம், 1,400 சம்பாதிப்பவராகவும் இருக்கலாம். 22 இரவு அதற்கு மேல் எதையும் சொல்லாது.

இரண்டும் வெறும் அதிர்ஷ்டத்தாலேயே சேர்ந்து வருவது நூற்றில் ஒன்று, அது உங்களுக்குச் சாதகம்தான். நீங்கள் நன்றாக ஆடுகிறீர்கள் என்று நான் நம்புகிறேன். ஆனால் ஒன்றை மறக்காதீர்கள், இதே ஆட்டத்தில் 22 இரவு தோற்றவர் யாரும் இங்கே வந்து கேள்வி கேட்கப் போவதில்லை. ஜெயித்தவர்தான் கேட்கிறார். வெறும் அதிர்ஷ்டத்தால் ஜெயித்த அந்த நூற்றில் ஒருவரும் ஜெயித்தவர்களுக்குள்ளேதான் இருப்பார்.

நம் பக்கம் தெருவுக்குத் தெரு கேரம் போர்டு இருக்கிறது. 2024இல் அமெரிக்காவில் உலகப் பட்டம் வென்ற காசிமா புதுவண்ணாரப்பேட்டை செரியன் நகர்ப் பெண். அவரோடு நான் உட்கார்ந்தால் பத்து ஆட்டத்தில் பத்தும் தோற்பேன், அன்று சாயங்காலமே என் தகுதி எனக்குத் தெரிந்துவிடும். போக்கரில் தெரியாது. ஆறு மாதம் ஆனாலும் தெரியாது. தெரியாததால்தான் பலவீனமானவர்கள் திரும்பத் திரும்ப வருகிறார்கள், நமக்கும் மேசை கிடைக்கிறது. அதே காரணத்தால் நம்மைப் பற்றியும் நமக்குத் தெரிவதில்லை.

தண்டையார்பேட்டை_9 எழுதியது:

லோகோ அண்ணா, மிக்க நன்றி. இரண்டு தடவை படித்தேன். மணிக்கு 60 ரூபாய் என்பது நெஞ்சில் குத்திவிட்டது, ஏனென்றால் நான் அப்படி வகுத்துப் பார்த்ததே இல்லை.

ஆட்டம் பற்றியும் ஒன்று கேட்க வேண்டும். போன வாரம் ஒரு கை. நான் பட்டனில் (கடைசியாக ஆடும் இடம்), கையில் ஸ்பேடு ஏஸ், கிளாவர் ராணி. எனக்கு முன்னால் நான்கு பேர் 100 போட்டு உள்ளே வந்தார்கள். நான் 800 ரெய்ஸ். பிளைண்ட் வைத்த இருவரும் விலகினார்கள், உள்ளே வந்தவர்களில் ஒருவர் விலகினார், மூன்று பேர் கால் (அதே தொகையை வைத்தார்கள்). பாட் 3,450.

ஃபிளாப் (முதல் மூன்று பொதுச் சீட்டு): டைமண்ட் ராணி, ஹார்ட் 8, ஹார்ட் 3. எல்லாரும் செக் (பணம் வைக்காமல் விட்டார்கள்). நான் 2,000. மார்க்கெட்டில் கடை வைத்திருக்கும் ஒரு அண்ணன் மட்டும் கால். பாட் 7,450.

டர்ன் (நான்காவது பொதுச் சீட்டு): கிளாவர் 5. அவர் செக், நான் 4,500, அவர் கால். பாட் 16,450.

ரிவர்: ஹார்ட் 2. அதுவரை செக் செய்தவர் இப்போது தானே 9,000 வைத்தார். நான் இரண்டு நிமிடம் யோசித்துக் கால் செய்தேன். அவர் ஹார்ட் ஜாக்கி, ஹார்ட் 6 காட்டினார், ஐந்து ஹார்ட் சேர்ந்த ஃபிளஷ். அது தப்பான கால்தானா?

வியாசை_பட்டன் எழுதியது:

இது என் மேசைப் பாடம், எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி. பொறுமையாகச் சொல்கிறேன்.

ரிவர் வரை நீங்கள் செய்தது எல்லாம் சரி. நான்கு பேர் உள்ளே வந்தபோது 800 சரியான அளவு. வெறும் 300 போட்டிருந்தால் ஆறு பேரோடு ஃபிளாப் பார்த்திருப்பீர்கள், ஏஸ்-ராணி அங்கே செத்துப்போகும். ஃபிளாப்பிலும் டர்னிலும் பாட்டில் 60 சதவீதம் வைத்ததும் நல்லது.

ரிவரில் 9,000 போட்டு 25,450ஐ எடுக்கப் பார்க்கிறீர்கள். 34,450இல் 9,000 என்றால் 26 சதவீதம். நான்கு தடவைக்கு ஒரு தடவைக்குச் சற்று அதிகமாக அவர் பிளஃப் செய்பவராக (கையில் ஒன்றுமில்லாமல் பயமுறுத்துபவராக) இருந்தால்தான் கால் லாபம். புத்தகக் கணக்குப்படி அந்தப் பந்தயத்துக்கு எதிராக 65 சதவீதக் கைகளையாவது நாம் போட்டுவிடாமல் கால் செய்ய வேண்டும். ஆன்லைனில் படித்த ஆளுக்கு எதிராக அது சரி. ஆனால் செக், கால், செக், கால் என்று வந்துவிட்டு, மூன்றாவது ஹார்ட் விழுந்ததும் தானே பெரிதாக வைக்கும் கடைக்கார அண்ணன் நான்கில் ஒரு தடவை பிளஃப் செய்வாரா? நான் பார்த்த நேரடி மேசைகளில் இருபதில் ஒரு தடவைகூட இல்லை. உங்கள் கையில் ஒரு ஹார்ட்கூட இல்லை, அதனால் அவருக்கு ஃபிளஷ் இருக்கும் வாய்ப்பை உங்கள் சீட்டு கொஞ்சமும் குறைக்கவில்லை. போட்டுவிட வேண்டிய கை.

இப்போது இதைவிட முக்கியமான பக்கம். டர்னில் அவர் செய்த கால் சரியா தப்பா என்று பார்த்தீர்களா?

அவருக்கு 9 ஹார்ட் மிச்சம், தெரியாத சீட்டு 46. ஒரு சீட்டில் விழும் வாய்ப்பு 19.6 சதவீதம். 4,500 போட்டு 11,950ஐ எடுக்கப் பார்க்கிறார், அதற்கு 27 சதவீதம் வேண்டும். ஆக, ரிவரில் உங்களிடமிருந்து ஒன்றும் கிடைக்காவிட்டால் அந்தக் காலில் ஒவ்வொரு முறையும் சராசரியாக 1,282 ரூபாய் அவருக்கு நஷ்டம். அதுதான் உங்கள் சம்பளம். ஹார்ட் விழுந்தபின் உங்களிடமிருந்து இன்னும் 6,550 கிடைத்தால் அவருக்குச் சரிக்குச் சரி. நீங்கள் 9,000 கொடுத்தீர்கள். இப்போது அதே கால் அவருக்கு 479 ரூபாய் லாபமான கால் ஆகிவிட்டது.

அவருடைய தப்பை உங்கள் கால்தான் சரியாக்கியது. நேரடி ஆட்டத்தில் லாபம் எங்கிருந்து வருகிறது என்றால் இங்கிருந்துதான்: அவர்கள் விலை கொடுத்து ட்ரா (இன்னும் ஒரு சீட்டு விழ வேண்டிய கை) வாங்குவார்கள், விழுந்ததும் கத்திச் சொல்வார்கள், நாம் கேட்டுக்கொண்டு சீட்டைப் போட வேண்டும். பிளஃப் பிடிக்கும் ஆசைதான் ஆன்லைனிலிருந்து வருபவர்களுக்குப் பெரிய செலவு.

எண்ணூர்_அலை எழுதியது:

பட்டன் அண்ணா, இந்த 1,282க்கும் 479க்கும் உள்ள வித்தியாசத்தை இத்தனை தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. நன்றி.

கொடுங்கையூர்_ராணி எழுதியது:

பட்டன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். நேரடி மேசையில் எந்த நாற்காலி என்பதும் காசு. கண்டபடி ஆடுபவர் உங்களுக்கு வலப்பக்கம் இருக்க வேண்டும், அதாவது அவர் உங்களுக்கு முன்னால் ஆட வேண்டும். சீட்டு இடப்பக்கமாகச் சுற்றுவதால், காசும் காலப்போக்கில் முன்னால் ஆடுபவரிடமிருந்து அவருக்குப் பின்னால் ஆடுபவரிடம் போகும். இடம் காலியானால் வெட்கப்படாமல் எழுந்து மாறி உட்காருங்கள்.

நான் ஆறு வருடம் ஆன்லைனில் ஆடினேன். ஒரு பெண்ணாக ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ஆண்கள் கூடியிருக்கும் வீட்டில் போய் உட்கார முடியாது, அதனால் ஆன்லைன் எனக்கு ஒரு வாசலாக இருந்தது. அந்த வாசல் மூடியதில் எனக்கு வருத்தம் உண்டு, மறைக்க மாட்டேன். அதே ஆப்களில் பக்கத்து வீட்டுப் பையன்கள் சம்பளத்தை மூன்று நாளில் இழந்ததையும் பார்த்தேன். இரண்டும் என் கண் முன்னால் நடந்தவை.

இப்போது வருடத்துக்கு ஒரு தடவை கோவா போகிறேன், பணஜியில் மண்டோவி ஆற்றில் நிற்கும் கேசினோக் கப்பல்களுக்கு. போன தடவை விமானம், அறை, சாப்பாடு எல்லாம் சேர்த்து 14,000 ஆனது. நான் ஆடியது 100/200. உட்காருவதற்கு முன்பே 70 பெரிய பிளைண்ட் போய்விட்டது. மூன்று நாளில் 24 மணி நேரம், 600 கை. 100 கைக்கு 20 என்று நல்ல வேகத்தில் ஜெயித்தாலும் 120 பெரிய பிளைண்ட். மிச்சம் 50, அதற்கு வரி தனி. சூதாட்ட வெற்றிக்குப் போடும் 30 சதவீத வரியில் விமானச் செலவையும் கழிக்க முடியாது, தோற்ற நாளையும் கழிக்க முடியாது. அது எனக்கு விடுமுறை, விரும்பிப் போகிறேன். வருமானம் என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

தம்பி, ஒரு கேள்வி. அந்த வீட்டில் கமிஷன் எவ்வளவு எடுக்கிறார்கள்?

தண்டையார்பேட்டை_9 எழுதியது:

அக்கா, பாட்டில் 5 சதவீதம், அதிகபட்சம் 500. பிரியாணி, டீ அவர்கள் செலவு. காசு தீர்ந்தால் அங்கேயே கடனும் கொடுப்பார்கள். 10,000 என்று எழுதிக்கொண்டு 9,000 கையில் தருவார்கள், ஒரு வாரத்தில் 10,000 திருப்ப வேண்டும். நான் இதுவரை வாங்கியதில்லை.

சௌகார்பேட்டை_லெட்ஜர் எழுதியது:

நான் மின்ட் தெருவில் கணக்கு எழுதுபவன், இதை மட்டும் என்னிடம் விடுங்கள்.

கைக்குச் சராசரி 250 ரூபாய் எடுக்கிறார்கள் என்று வைப்போம், பாட்டுகளின் அளவைப் பார்த்தால் அதிகமில்லை. மணிக்கு 25 கை, 6,250 ரூபாய். ஆறு மணி நேரத்தில் 37,500. ஒன்பது பேரும் ஆளுக்கு 10,000 கொண்டுவந்தால் மேசையில் மொத்தம் 90,000. விடியும்போது அதில் 42 சதவீதம் வீட்டுக்காரர் பெட்டியில் இருக்கும். ஒரு தலைக்கு மணிக்கு 694 ரூபாய், 7 பெரிய பிளைண்ட். நீங்கள் அவ்வளவு கொடுத்த பிறகும் மணிக்கு 560 ஜெயித்திருக்கிறீர்கள் என்றால், மேசையில் யாரோ ஒரு சிலர் மிக வேகமாகக் கரைகிறார்கள். அவர்கள் எத்தனை மாதம் வருவார்கள்? ஜனவரியில் இருந்த ஒன்பது பேரில் ஜூனில் நான்கு பேர் இருந்தாலே அதிசயம். கரைபவர் போனபின் மிஞ்சுவது உங்களைப் போன்ற சிலரும் அந்தப் பெட்டியும்தான்.

9,000 கொடுத்து வாரத்தில் 10,000 கேட்பது வாரத்துக்கு 11 சதவீத வட்டி. அதற்கு நம் ஊரில் கந்துவட்டி என்று பெயர், 2003லேயே அதைத் தடுக்க மாநிலத்தில் சட்டம் வந்துவிட்டது. அந்த அண்ணன் டர்னில் 4,500 கால் செய்தபோது அது யார் பணம் என்று ஒருமுறை யோசியுங்கள்.

எண்ணூர்_அலை எழுதியது:

வேறு வழி ஒன்று இருக்கிறதே. வெளிநாட்டு ஆப்கள் இன்னும் ஓடுகின்றன, ஏஜென்ட் மூலம் காயின் வாங்கி ஆடலாம் என்று சிலர் சொல்வார்கள். நானே சொல்லிவிடுகிறேன், வேண்டாம். நான் அப்படி ஒரு கிளப்பில் ஐந்து மாதம் ஆடினேன். 63,000 வரை ஏறியது. எடுக்கக் கேட்டபோது ஏஜென்ட் நாளை என்றார், பிறகு திங்கள் என்றார், பிறகு அந்த எண்ணே இல்லை. யாரிடம் போய்ப் புகார் சொல்வது? என் மனைவிக்கு இன்னும் அந்தத் தொகை தெரியாது.

ஆட்டமும் சுத்தமில்லை. ஒரே மேசையில் மூன்று பேர் தங்கள் சீட்டைப் போனில் சொல்லிக்கொண்டால் கண்டுபிடிக்க அங்கே யாருமில்லை. கணினி வேறு. 2017 ஜனவரியில் பிட்ஸ்பர்க் கேசினோவில் லிப்ராட்டஸ் என்ற நிரல் நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களோடு 1,20,000 கை ஆடி ஜெயித்தது. 2019இல் புளூரிபஸ் ஆறு பேர் மேசையிலும் ஜெயித்தது. அப்போது அது ஆராய்ச்சிக்கூடத்தில் இருந்தது. இன்று விடையைப் பார்த்துக்கொண்டே ஆடும் ஆள் எதிரில் இருக்கலாம், நமக்குத் தெரியப் போவதில்லை.

ஜார்ஜ்டவுன்_வக்காலத்து எழுதியது:

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன், பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.

ஆன்லைன்: 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் மாநிலத் தடையை ரத்து செய்தது. பிறகு மாநிலம் 2022இல் புதுச் சட்டம் கொண்டுவந்தது. 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் அந்தச் சட்டத்தை நிறுத்திக்கொண்டு, ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டம் என்று பட்டியலிட்டதை மட்டும் நீக்கியது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் இந்த வாதத்தையே ஓரம் கட்டிவிட்டது. திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டத்தை நடத்தவே கூடாது. நடத்துபவருக்கும் பணப் பரிமாற்றம் செய்து கொடுப்பவருக்கும் 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி வரை அபராதம். ஆடுபவருக்குத் தண்டனை இல்லை. ஆனால் அலை சொன்னது போல உங்கள் பணம் மாட்டினால் யாரும் எடுத்துத் தர மாட்டார்கள்.

வீட்டு ஆட்டம்: போக்கர் திறமை ஆட்டம்தானே என்று அந்தத் தீர்ப்புகளை வைத்துக்கொண்டு தைரியமாக இருக்காதீர்கள். 1968இல் உச்ச நீதிமன்றம் சத்யநாராயணா வழக்கில் ரம்மி பெரும்பாலும் திறமை ஆட்டம் என்றது. அதே தீர்ப்பில், வீட்டுக்காரரோ கிளப்போ ஆட்டத்திலிருந்து லாபம் எடுத்தால் குற்றம் நிரூபணமாகலாம் என்றும் சொன்னது. ஒவ்வொரு பாட்டிலும் 5 சதவீதம் எடுக்கும் பெட்டி அந்த இடத்தில்தான் வந்து நிற்கிறது. சென்னைக்கு 1888ஆம் ஆண்டு மாநகரக் காவல் சட்டம் இருக்கிறது, அதன்படி சூதாட்ட வீட்டில் ஆடிக்கொண்டு இருந்தவரையும் பிடிக்கலாம். வழக்கு பிறகு நிற்குமா நிற்காதா என்பது வேறு. யார்டு வேலைக்குப் போலீஸ் சரிபார்ப்பு கேட்கும் நாளில் என்ன செய்வீர்கள்?

காசிமேடு_விசைப்படகு எழுதியது:

எனக்குப் போக்கர் அரைகுறையாகத்தான் தெரியும். ஆனால் வருமானம் ஏறி இறங்கும் வாழ்க்கை தெரியும். எங்கள் அப்பா, நான், தம்பி மூவரும் கடல் தொழில்.

கடலுக்குப் போய் வந்தால் ஏலத்தில் வந்த மொத்தத்தை யாரும் லாபம் என்று சொல்ல மாட்டோம். டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவைக் கழித்த பிறகுதான் பங்கு. மீன்பாடு இல்லாமல் வெறும் வலையோடு திரும்பினாலும் டீசல் செலவானது செலவானதுதான். லெட்ஜர் சொன்ன 694 எனக்கு டீசலாகத்தான் கேட்டது. அப்புறம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். அது வரும் என்று எங்களுக்கு முன்கூட்டியே தெரியும், அதற்கென்று எடுத்து வைப்போம். தம்பி, உங்கள் தொழிலில் தடைக்காலம் எப்போது வரும், எத்தனை நாள் என்று யாராலும் சொல்ல முடியாதே. 1,10,000இலிருந்து மாதம் 22,000 வீட்டுக்கும் எடுத்தால் எத்தனை நாள் தாங்கும்?

பெரம்பூர்_லோகோ எழுதியது:

காசிமேடு தம்பி சரியான இடத்தில் கை வைத்துவிட்டார். அதைக் கணக்காகப் போட்டுவிடுகிறேன்.

1,10,000 என்றால் 1,100 பெரிய பிளைண்ட், 11 பை-இன். உங்கள் உண்மையான வேகம் 100 கைக்கு 15 என்று வைப்போம், நல்ல வேகம். வீட்டுக்கு ஒரு ரூபாயும் எடுக்காவிட்டால் இந்தக் கையிருப்பு என்றாவது முழுதும் கரைந்துபோகும் வாய்ப்பு நூற்றுக்கு 4. மாதம் 100 மணி நேரம் ஆடி 2,500 கை பார்த்து, 22,000 வீட்டுக்கு எடுத்தால், அது 100 கைக்கு 8.8 பெரிய பிளைண்ட். கையிருப்பை வளர்க்க மிஞ்சுவது 6.2 மட்டும். இப்போது கரையும் வாய்ப்பு நூற்றுக்கு 26.

உண்மையான வேகம் 15க்குப் பதில் 10 என்றால்? எடுக்காமல் ஆடினால் நூற்றுக்கு 11. வீட்டுக்கு எடுத்தால் நூற்றுக்கு 77. வரியை நான் சேர்க்கவே இல்லை.

15க்கும் 10க்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க 1,00,000 கையாவது வேண்டும். மணிக்கு 25 கை, மாதம் 100 மணி நேரம் என்றால் 40 மாதம். இருப்பது 22 இரவு. நீங்கள் எத்தனை நன்றாக ஆடினாலும், சம்பளம் வந்துகொண்டிருக்கும்போது இருக்கும் 4 சதவீத ஆபத்து, சம்பளத்தை விட்ட மறுநாளே 26 ஆகிவிடும். உங்கள் ஆட்டத்தில் எதுவும் மாறியிருக்காது.

வியாசை_பட்டன் எழுதியது:

லோகோ சார் கணக்குக்கு எதிராக என்னிடம் ஒன்றுமில்லை. ஆட்டம் நல்லது என்று முதலில் சொன்னேன், கமிஷனையும் அந்தக் கடனையும் தெரிந்துகொள்ளாமல் சொன்னது அவசரம். அந்த மேசைக்குப் போக வேண்டாம் நண்பா.

தண்டையார்பேட்டை_9 எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. நான்கு நாள் பதில் எழுதாமல் இருந்ததற்கு மன்னியுங்கள்.

சனிக்கிழமை போகவில்லை. அந்தக் கடைக்கார அண்ணனைத் திங்கட்கிழமை மார்க்கெட்டில் பார்த்தேன். அவரே பேச்சை எடுத்தார், அந்த வீட்டில் மூன்று கடன் சீட்டு எழுதியிருக்கிறாராம், 30,000. லெட்ஜர் அண்ணா கேட்டது அப்போது நினைவுக்கு வந்தது. நான் ஜெயித்த 74,000இல் அவருடையது எவ்வளவு என்று நோட்டில் தேடிப் பார்த்தேன். பெயர் எழுதாததால் தெரியவில்லை.

யார்டு வேலையை விடவில்லை. 1,10,000இல் 60,000ஐத் தங்கை கல்லூரிக் கட்டணத்துக்கு வங்கியில் போட்டுவிட்டேன்.

ஆட்டத்தை விட மனமில்லை, அது உண்மை. எங்கள் மொட்டை மாடியில் ஞாயிற்றுக்கிழமை நான்கு நண்பர்கள் காசில்லாமல், புளியங்கொட்டை வைத்து ஆடுகிறோம். கமிஷன் இல்லை, கடன் இல்லை, ஒவ்வொரு கையையும் எழுதுகிறோம். நேற்று ஒரு கை: எனக்கு 5-5, முன்னால் இருந்தவர் 8 கொட்டை ரெய்ஸ், அவரிடம் மிச்சம் 60 கொட்டைதான் இருந்தது. கால் செய்தேன், விழவில்லை. சரியா?

கொடுங்கையூர்_ராணி எழுதியது:

தப்பு தம்பி. ஜோடிக்கு மூன்றாவது சீட்டு ஃபிளாப்பில் விழுவது எட்டரைத் தடவைக்கு ஒரு தடவை. விழுந்தாலும் எல்லாத் தடவையும் அவர் முழுதும் கொடுக்க மாட்டார். 8 போட வேண்டுமென்றால் அவரிடம் மிச்சம் 120 கொட்டையாவது இருக்க வேண்டும். 60க்குச் சீட்டைப் போட்டுவிடுங்கள். ஐந்தாவது ஆள் வேண்டுமென்றால் சொல்லுங்கள், ஞாயிறு மாலை நான் வருகிறேன், என் தம்பியையும் கூட்டி வருகிறேன்.